குட்டையில் மாட்டிய கூழைக்கடா

வற்றிப்போன ஓர் ஏரியில் கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் ஒன்றில் பெருவாயன் என்ற கூழைக்கடா கூடு கட்டியிருந்தது. அதன் மனைவி வெண்சிறகி, மூன்று குஞ்சுகளையும் சிறகுக்குள் அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஏரியில் மீன் அற்றுப்போய் இரண்டு நாளாயிற்று. கடைசிக் குஞ்சால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

“இன்று பொழுது சாய்வதற்குள் இரை வராவிட்டால் இவன் பிழைக்க மாட்டான்!” என்றது வெண்சிறகி.

“தொண்டை வரை நிரப்பிக்கொண்டு வருகிறேன்!” என்று கிளம்பியது பெருவாயன். வெண்சிறகியின் தம்பி நெட்டலகனும் கூடவே பறந்தது.

மலைக்கு அப்பால் ஒரு பெரிய அணைக்கட்டு. அங்கே மீனுக்குக் குறைவில்லை. ஆனால் திரும்பும் வழி நீண்டது. வானம் மூடியிருந்ததால் மேலே தூக்கிவிடும் வெப்பக் காற்றும் இல்லை. பாரத்தோடு சிறகடித்தே வரவேண்டும். ஆற்று மடுவில் ஒருமுறை, காட்டுக் குட்டையில் ஒருமுறை இறங்கி இளைப்பாறினால்தான் வீடு வந்து சேரலாம்.

கூழைக்கடா கனத்த பறவை; மீனை விழுங்கி வயிற்றில் கொண்டுவந்து குஞ்சுகளுக்குக் கக்கி ஊட்டும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரை இரு கால்களாலும் உதைத்து உதைத்து ஓடித்தான் மேலே ஏறும்.

பாதி வயிறு நிறைந்ததுமே நெட்டலகன் மீன் பிடிப்பதை நிறுத்தியது.

“போதும் அத்தான்! காட்டுக் குட்டையின் நீளம் இருபது உதைதான். சுற்றிலும் மருத மரங்கள். பாதி வயிறென்றால் பன்னிரண்டு உதையில் எழும்பி மரத்தைத் தாண்டிவிடலாம். வயிறு முட்டினால் இருபதும் போதாது!”

“நேற்று அங்கிருந்து எழும்பினேனே!”

“நேற்று அணைக்கட்டுவரை போகாமல், இரை கிடைக்காமல் வெறும் வயிற்றோடு வந்தீர்கள். எதிர்க்காற்றும் அடித்தது. இன்று ஓர் இலைகூட அசையவில்லையே!”

“பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். நீ உதையை எண்ணிக்கொண்டிருக்கிறாயா?” என்று சீறியது பெருவாயன். இன்னும் நான்கு கெண்டைகளை விழுங்கியது.

அணைக்கட்டில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தண்ணீர். பெருவாயன் முப்பது உதை உதைத்து எழும்பிவிட்டது. ஆற்று மடுவும் நீளமானதுதான். அங்கேயும் தடையில்லை.

“பார்த்தாயா மாப்பிள்ளை!” என்று சிரித்தது பெருவாயன். நெட்டலகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது காட்டுக் குட்டை என்பதையே நினைத்துக்கொண்டு பறந்தது.

குட்டையில் இறங்கும்போதே பெருவாயனுக்கு வேகம் அடங்கவில்லை. தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய் எதிர்க்கரை நாணலில் மோதி நின்றது. அப்போதுதான் அது மருத மரங்களின் உயரத்தை அண்ணாந்து பார்த்தது.

சற்று இளைப்பாறிவிட்டு ஓடிப் பார்த்தது. பதினைந்து உதை, பதினெட்டு, இருபது! உடம்பு பாதிதான் எழும்பியது. அதற்குள் எதிரே மருத மரம்! சட்டென்று திரும்பித் தொப்பென்று விழுந்தது. மறுபடி ஓடியது. மறுபடி விழுந்தது.

“கொஞ்சம் மீனைக் கக்கிவிடுங்கள் அத்தான்!”

“பிள்ளைகளின் உயிரையா கக்கச் சொல்கிறாய்?”

பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. பெருவாயன் சொன்னது: “எனக்காகக் காத்திருக்காதே. நீ போ! உன் மீனாவது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்!”

நெட்டலகன் மனமில்லாமல் கிளம்பியது. பன்னிரண்டாவது உதையில் எழும்பி, மரங்களைத் தாண்டி மறைந்தது.

நாணலுக்குள்ளிருந்து ஒரு நரி தலையை நீட்டியது.

“ஐயா, இதற்கா கவலைப்படுகிறீர்கள்? நாணலுக்கு வெளியிலிருந்தே ஓடுகிறீர்களே! என் பக்கமாக வந்து, கரையை ஒட்டி நின்று ஓடுங்கள். ஐந்து உதை கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மீனைக்கூட இழக்க வேண்டாம்!”

நரியின் கண் தன் கழுத்தின் மீதே இருப்பதைப் பெருவாயன் பார்க்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஐந்து உதை அதன் புத்தியை மறைத்தது. மெல்லக் கரையை ஒட்டிப் போய்த் திரும்பி நின்றது. அந்த நொடியே நரி பாய்ந்தது!

கழுத்து தப்பியது. வால் இறகுகள் கொத்தாக நரியின் வாயில் போயின. பெருவாயன் அலறியடித்துக் குட்டையின் நடுவுக்கு நீந்தியது. நரி விடவில்லை. அதுவும் தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்கியது!

இனி யோசிக்க நேரமில்லை. பெருவாயன் கண்ணை மூடிக்கொண்டு கக்கியது. பகலெல்லாம் சேர்த்த மீன் அத்தனையும் தண்ணீரில் விழுந்தது. நரி மீனைக் கவ்வத் திரும்பிய வேளையில் பெருவாயன் உதைத்து ஓடியது. ஏழாவது உதையில் உடம்பு எழும்பியது. மருத மரத்தின் உச்சி இலைகள் காலில் உரச, அது வெளியேறியது.

கூட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கடைசிக் குஞ்சு நெட்டலகனின் அலகுக்குள் தலையை விட்டு இரை தின்றுகொண்டிருந்தது. பெருவாயனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. மொட்டை வாலோடு கிளையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

“உயிரோடு வந்துவிட்டீர்களே, அது போதும்!” என்றது வெண்சிறகி.

குஞ்சு தின்று முடிக்கும்வரை பெருவாயன் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மைத்துனனைப் பார்த்துச் சொன்னது: “மாப்பிள்ளை, நாளைக்கு எத்தனை மீன் போதும் என்று நீயே சொல். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.”

பல இடங்களில் இறங்கி ஏற வேண்டிய பயணத்துக்குச் சுமை ஏற்றுகிறவர், அந்த இடங்களில் மிகக் குறுகியது எதுவோ அதை மனத்தில் வைத்தே ஏற்ற வேண்டும்.