இரண்டு விசில்

வத்சலா அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடருக்கு அறுபத்து நான்கு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு நோட்டு பைண்டிங் கடைக்கு மேலே எங்கள் அறை. நாவல் எழுதுகிறவர்கள் பிரதியைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். அக்கா படித்துப் பார்த்து, எது முன்னால் வரவேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று சொல்வார். நான் டைப் அடிப்பேன். கீழேயிருந்து நாள் முழுக்க மைதாப் பசை வாசனை வரும். இப்போது அங்கே செல்போன் கடை. அந்தப் பக்கம் போனால் இன்னமும் என் மூக்கு அந்தப் பசையைத் தேடுகிறது. வெட்கங்கெட்ட மூக்கு.

பச்சியப்பன் ஐயா முதல் நாள் வந்தது ஓர் ஆடி மாதம். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வேலையை விட்டு ஆறு வருஷம் ஆனவர். ஒரு கையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்த தட்டு. இன்னொரு கையில் நானூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல்.

"என்னங்க இது, தட்டெல்லாம்?" என்றார் அக்கா.

"குருவுக்குத் தட்சணைங்க."

"நான் உங்களைவிட இருபது வயசு சின்னவங்க."

"அதனால என்னங்க? வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தானே ஸ்டியரிங்கை விடணும்?"

அக்கா சிரித்துவிட்டு, பழத்தில் ஒன்றைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார். அதோடு சீடராகச் சேர்ந்தாயிற்று.

"இதைத் திருத்திக் குடுங்கம்மா. புஸ்தகம் வந்ததும் முதல் காப்பி என் தங்கச்சி மாதம்மா கையில போய்ச் சேரணும். இருபத்தெட்டு வருஷமா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. என் பக்கத்து நியாயம் எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன். படிச்சா பேசிருவா."

"என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. விதி."

அப்படிச் சொல்லும்போது அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கறுப்புக் கயிறு கட்டிய பழைய விசில் ஒன்று அதில் இருந்தது. மனிதருக்கு அது இல்லாமல் பேச்சே வராது.

ஒரு வாரத்தில் அக்கா படித்து முடித்தார். நானும் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் எழுதியிருந்தார்! சேலத்திலிருந்து அரூருக்குப் போகும் காலை வண்டி. மேலே பூக்கூடை, உள்ளே பால் கேன். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடிக்கிற கூட்டம். டிரைவர் ராஜமாணிக்கத்தின் டேப் ரிக்கார்டரில் கேசட் சிக்கி, பாதிப் பாட்டில் அழும். மஞ்சவாடிக் கணவாயில் மழை பிடித்தால் எல்லாரும் தார்ப்பாய் ஷட்டரை இறக்கிவிட்டு, இருட்டுக்குள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வண்டியில் நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். டைப் அடிக்கும்போது இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஐயா வந்தார்.

"எப்படிங்கம்மா இருக்குது?"

"வண்டி உயிரோட இருக்குது. ரோடு இருக்குது, மழை இருக்குது. உங்க கதாநாயகர் இளங்கோதான் எங்க உக்காந்திருக்காருன்னே தெரியல," என்றார் அக்கா.

"அப்ப ஆளை வலுவாக்கணும்ங்கறீங்க."

"ஆமாங்க."

"அவ்வளவுதானே! விடுங்க," என்று பிரதியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். இளங்கோ ஆறடி உயரம் ஆகியிருந்தான். அயோத்தியாப்பட்டணத்தில் மூன்று ரவுடிகளை அடித்துப் போட்டிருந்தான். பள்ளத்தில் சாய்ந்த பஸ்ஸை முதுகுகொடுத்துத் தூக்கியும் இருந்தான். அடேயப்பா, நான் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னும் காணோமுங்களே, ஐயா," என்றார்.

அதற்கடுத்த தடவை கதையின் கட்டுமானத்தையே மாற்றிக்கொண்டு வந்தார். கடைசி அத்தியாயம் முதலில். நடு அத்தியாயம் கடைசியில். கீழே பைண்டிங் கடைக்கார பாயிடம் பசை வாங்கி, பக்கங்களைக் கத்தரித்துக் கத்தரித்து ஒட்டியிருந்தார். தூக்கினால் மொறமொறவென்று அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

"இப்பவுங்களா காணோம்?"

"இப்பவும்."

பாவம், ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. "எங்க குருவம்மா குறை இருக்குது? அதையாவது சொல்லிருங்களேன். எனக்கும் வயசாகுது. மாதம்மாளுக்கும் வயசாகுது."

அக்கா யோசித்தார். பிறகு, "அந்த விசிலை எடுங்க," என்றார்.

ஐயா எடுத்தார்.

"நாளையிலருந்து மதியம் ரெண்டு மணி நேரம் நான் சத்தமாப் படிக்கறேன். உங்க இளங்கோ தானா நினைச்சு, தானா ஒரு காரியம் செய்யற இடம் வந்தா ரெண்டு விசில் குடுங்க."

கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். இரண்டு கொடுத்தால் கிளம்பும். அந்தக் கணக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ப்பூ, இதானா! நாளைக்கு உங்க காது வலிக்கப் போகுது பாருங்க," என்றார் ஐயா.

முதல் நாள் விசிலை வேட்டி நுனியில் துடைத்து, உதட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா படிக்க ஆரம்பித்தார். இளங்கோவுக்கு வேலை கிடைத்தது. பெண் பார்த்து முடிவாயிற்று. மாமனார் சொன்னார், முதலாளி சொன்னார், அவன் தலையாட்டினான். குழந்தை பிறந்தது. நாலு மணி ஆகிவிட்டது. விசில் வரவில்லை.

இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ரவுடிகள் வந்தார்கள். ஐயா மூச்சை இழுத்தார்.

"அவங்களா வந்து அடிக்கறாங்க. இவரு தடுக்கறாரு. அது போதுமுங்களா?" என்றார் அக்கா.

ஐயா மூச்சை விட்டுவிட்டார்.

எனக்கு வேலையே ஓடவில்லை. எப்போது விசில் வரும், எப்போது வரும் என்று விரல் கீபோர்டிலேயே நிற்கும். பைண்டிங் பாய் கீழேயிருந்து குரல் கொடுப்பார்: "என்னம்மா, இன்னிக்காச்சும் வண்டி எடுத்தாச்சா? பாசஞ்சர் எல்லாம் தூங்கிட்டாங்க போலிருக்கே!" முதலில் ஐயாவும் கூடச் சிரித்தார். ஆறாம் நாள் அவர் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் இருபத்திரண்டாம் அத்தியாயம். இளங்கோவின் தங்கை தங்கம் வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். வீட்டில் யாரும் அவளோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் வாழ்கிறாள். அரூரில் அப்பா சாகக்கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு பஸ்ஸுக்கு ஓடி வருகிறாள். அண்ணன் கண்டக்டராக இருக்கிற பஸ்.

அக்கா படித்தார்: "'விதி என்னும் பேருந்து தங்கத்துக்காக நிற்கவில்லை. அது புறப்பட்டுச் சென்றது. அடுத்த பேருந்தில் அவள் போய்ச் சேர்ந்தபோது தந்தையின் கண்கள் மூடியிருந்தன.'"

அத்தோடு அத்தியாயம் முடிந்தது. பூக்கூடைக்கு மூன்று பக்கம் எழுதியவர் இதற்கு மூன்று வரி எழுதியிருந்தார்.

அக்கா அடுத்த பக்கம் திருப்பவில்லை. அதே மூன்று வரியை இன்னொரு தரம் படித்தார்.

"ஐயா, அந்த வண்டிக்கு யாரு டிரைவர்?"

"ராஜமாணிக்கண்ணன்."

"அவரு தானா வண்டியை எடுத்துருவாரா?"

"சேச்சே! என்னங்க நீங்க! முப்பது வருஷ சர்வீசு. பின்னாடியிருந்து விசில் வராம ஒரு சாண் நகர்த்த மாட்டாரு."

அக்கா அவரையே பார்த்தார்.

தான் சொன்னது ஐயாவின் காதில் அப்புறம்தான் விழுந்திருக்க வேண்டும். கையிலிருந்த விசில் நழுவி மடியில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"பின்வாசல்ல நின்னுட்டிருந்தேன்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நூறடி இருக்கும். ஒரு கையில பிள்ளை. ஒரு கையை ஆட்டிக்கிட்டே ஓடியாறா. 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்புடறா. வண்டி நெறைய எங்க ஊர்க்காரனுங்க, பங்காளிங்க. இவளை ஏத்திக்கிட்டா என்ன பேசுவானுங்களோன்னு ஒரு இது. ரெண்டு விசில் குடுத்துட்டேன்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அடுத்த வண்டி ரெண்டரை மணி நேரம் கழிச்சு. அப்பாரு அதுவரைக்கும் தாங்கல. 'மாதம்மா வந்துட்டாளா'ன்னு எங்கிட்டத்தான் கேட்டாரு. மறு மாசமே நான் ஆத்தூர் ரோட்டுக்கு மாத்தி வாங்கிட்டேன். அவ இன்னும் அதே ஊர்லதான் இருக்கா. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"நீங்க பாத்தது உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"நான் பாத்ததை அவ பாத்தா."

"அப்ப இதை யாருகிட்டருந்து மறைக்கறீங்க?"

ஐயா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரம் கழித்து, "இதை எழுதினா என் ஆளு கெட்டவனாயிருவானேம்மா. படிக்கறவங்க காறித் துப்புவாங்களே," என்றார்.

"துப்பறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்லீங்க?" என்றார் அக்கா.

பிரதியிலிருந்து இருபத்திரண்டாம் அத்தியாயத்தை அக்கா உருவினார். எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். நூலால் கட்டி ஐயா கையில் கொடுத்தார். ரவுடிகள் இருந்த பக்கங்களை மட்டும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டார். வெகுநாள் அவற்றின் பின்பக்கத்தில்தான் நான் டீக்கணக்கு எழுதினேன்.

அதன் பிறகு ஒரு மாதம் ஐயா வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. பைண்டிங் பாய் கூட, "எங்கம்மா உங்க கண்டக்டரு?" என்று விசாரித்தார். எனக்கு அந்த மதியங்கள் ஞாபகம் வந்துகொண்டே இருந்தன. ஒரு விசிலுக்காகக் காத்திருந்து பழகிவிட்ட காது அது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்துகொண்டு வந்தார். ஆள் இளைத்திருந்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஒன்பதே ஒன்பது பக்கம்.

"முதல் அத்தியாயம். இன்னிக்கு நானே படிக்கறனுங்க. கதாநாயகன் பேரு இளங்கோ இல்ல. பச்சியப்பன். ஆறடியும் இல்ல, என் உசரம்தான்."

"படிங்க."

வழக்கமான அதே வண்டி, அதே கூட்டம். ஆனால் பூக்கூடை வாசனையும் கேசட் பாட்டும் இந்தத் தடவை எனக்கு இனிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யார் யார் பங்காளிகள், யார் எந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராக எழுதியிருந்தார். எட்டாம் பக்கத்தில் அவர் குரல் தழுதழுத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"'மாதம்மா ஓடி வருவதைப் பச்சியப்பன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவன் இரண்டு விசில் கொடுத்தான். ராஜமாணிக்கம் வண்டியை எடுத்தார்.'"

பக்கங்களைக் கீழே வைத்தார்.

"வந்துட்டாரு உங்க ஆளு," என்றார் அக்கா.

ஐயாவுக்குச் சந்தோஷமே இல்லை. "வந்து என்னங்க பண்ண? ஒரு மாசமா பத்தாம் பக்கத்துல பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். முன்னாடி நானூறு பக்கம் சரசரன்னு எழுதினவன். இப்ப ஒரு வரி வரல. ஒம்பதாம் பக்கத்துலயே கதை முடிஞ்சு போச்சேம்மா. இனி எழுதறதுக்கு என்ன இருக்குது?"

"எங்க முடிஞ்சுது?"

"பஸ் போயிருச்சுங்களே."

"பஸ்தானே போச்சு," என்றார் அக்கா. "மாதம்மா இன்னும் ரோட்டுலதானே நிக்கறாங்க."

ஐயா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா வேறொரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டார், ஆனால் படிக்கவில்லை. நானும் டைப் அடிக்கவில்லை.

பிறகு ஐயா எழுந்தார். ஒன்பது பக்கத்தையும் மடித்து, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, விசில் இருந்த சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அரூர் வண்டி இப்பல்லாம் எத்தனை மணிக்கு?"

பதினோரு வருஷம் அந்த ரோட்டில் கண்டக்டராக இருந்த மனிதர் கேட்கிறார்.

"மூணு பத்துக்கு ஒண்ணு இருக்குது," என்றார் அக்கா.

ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக ஐந்து நிமிஷம்.

"அதைப் புடிக்க முடியாதுங்களே. நான் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள எடுத்துருவானே."

"கையை ஆட்டிக்கிட்டே ஓடுங்க," என்றார் அக்கா. "நிறுத்தி ஏத்திக்குவாங்க."