மூச்சு முட்டிய வண்டி

சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அதன் முதலாளி ரத்தினசபாபதி தன் மோட்டார் சைக்கிளை யாரையும் தொட விடமாட்டார். துடைப்பதும் அவரே, பழுது பார்ப்பதும் அவரே. அந்த வண்டி ஒரு வாரமாகக் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுபோய்க்கொண்டிருந்தது. மூன்று தடவை பிரித்து மாட்டியும் பலனில்லை.

அங்கே பெட்டி ஒட்டுகிற குருவம்மாள், தன் பழைய மொபெட்டை வீட்டு வாசலில் தானே பிரித்துச் சரிசெய்து ஓட்டுகிறவள்.

"நான் பார்க்கட்டுமா, மொதலாளி?"

அவர் எல்லோரும் கேட்கச் சிரித்தார். "பாரு. ஆனா ஒரு திருகாணியக்கூடக் கழட்டக் கூடாது. வண்டி ஓடலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"கழட்ட வேண்டியதையெல்லாம் நீங்களே கழட்டிட்டீங்க. எனக்கென்ன மிச்சம்?"

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். பெட்ரோல் டேங்க் மூடியில் இருந்த பொடி ஓட்டையைக் குத்தினாள். வெள்ளையாய் மெழுகு உதிர்ந்தது.

"காத்து உள்ளே போனாத்தான் பெட்ரோல் இறங்கும். பளபளப்புக்குப் பூசின மெழுகு அடைச்சிருக்கு."

பூசியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"முதல்ல ரெண்டு தெருவைத் தாண்டட்டும்" என்று உறுமிச் சாவியை நீட்டினார் அவர்.

குருவம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். வண்டியை உதைத்துக் கிளப்பி, பைபாஸ் வரை போய், ஓரிடத்திலும் நிற்காமல் திரும்பி வந்தாள். ஆபீஸே வாசலில் நின்று கைதட்டியது.

சாவியை முதலாளி கையில் வைத்தாள்.

"அடுத்த தடவை மெழுகு பூசறப்ப என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வேலைக்கு உட்கார்ந்தாள்.