ஏணிக்கு வர வேண்டிய வணக்கம்

முதலில் வம்புக்கு வந்தது அகராதிதான். இதைச் சொல்லாமல் கதையைத் தொடங்கினால் ஏணிக்கு அநியாயம் செய்ததாகும்.

உப்புக்காற்று அடிக்கிற ஒரு கடலோர ஊரில் சின்னதாக ஒரு நூலகம் இருந்தது. அங்கே ஆறு படிகள் கொண்ட ஒரு மர ஏணி நின்றது. எல்லாத் தட்டுக்கும் மேல் தட்டில், தோல் அட்டையும் தங்க எழுத்துமாக அகராதி வீற்றிருந்தது. நூலகம் திறந்த அன்று அது அந்த உயரத்துக்குப் போனதே ஏணியின் தயவில்தான். போய் உட்கார்ந்ததும் கீழே பார்த்து, எழுத்து வாசனை இல்லாத மரத்தை எல்லாம் படித்தவர்கள் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்றது. மற்றப் புத்தகங்கள் சிரித்தன.

ஏணி அதை மறக்கவில்லை. மறக்கிற பேச்சா அது?

அடித்தட்டில், தரையை ஒட்டி, முப்பத்திரண்டு பக்கத்தில் மெலிந்த புத்தகம் ஒன்று இருந்தது. 'சலசலப் பாட்டு' என்று பெயர். அதை எடுக்க ஏணி வேண்டாம், குனிந்தால் போதும். ஆனாலும் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு நேரே ஏணிக்குத்தான் வருவார்கள். படிக்கு ஒருவராக உட்கார்ந்து, உரக்கப் பாடுவார்கள்.

தாளைத் திருப்பத் தாளைத் திருப்பத்
தண்ணீர் சலசல கேட்குது!
மீனு ஒண்ணு மேலே துள்ளி
மேற்கொண்டு படி என்குது!

முதல் தடவை கேட்டபோது ஏணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மரமாக நின்ற காலத்தில் மழை பெய்தபோது சிலிர்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

"இவ்வளவு சிறிய உடம்பில் இத்தனை தண்ணீரை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டது.

"நான் எங்கே வைத்திருக்கிறேன், மாமா? என்னிடம் இருப்பது மை மட்டும்தான். தண்ணீர் பிள்ளைகள் கொண்டு வருவது," என்றது பாட்டுப் புத்தகம். அதற்குத் தற்பெருமை என்பதே கிடையாது. அட்டை கிழிந்து, முதுகில் பசைத்தாள் ஒட்டி, மூலையெல்லாம் எச்சில் விரல் பட்டுக் கறுத்திருந்தது. மேல் தட்டுக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்கள் மேலே ஒரு கறை கிடையாது. ஒருவரும் தொடாவிட்டால் கறை எப்படி வரும்?

பாட்டின் இரண்டாம் பகுதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அதன் கடைசி வரியில் 'குதிச்சு' என்று வரும்போது, இரண்டாம் படியில் இருக்கிற பிள்ளை தரையில் குதிக்க வேண்டும். யார் வைத்த வழக்கமோ தெரியாது. குதித்துக் குதித்து அந்தப் படியின் ஆணி தளர்ந்து, அந்த இடம் வந்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும். ஏணி அதை வலியாக நினைக்கவே இல்லை. பாட்டில் தன் பங்கு என்றே நினைத்தது.

ஒருநாள் ஏணி தைரியமாக முதல் பகுதியை மேலே பார்த்துச் சொல்லிக் காட்டியது. அகராதி கொட்டாவி விட்டது.

"கேட்டதைத் திருப்பிச் சொல்லக் கிளி போதும். வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல்லை எடுத்துக் கொடுப்பதுதான் படிப்பு. நீ அப்படி ஒரே ஒரு சொல் எடுத்துக் கொடு. நான் கீழே இறங்கி வந்து உனக்கு வணக்கம் சொல்கிறேன்."

எல்லாப் புத்தகங்களும் சாட்சி.

அந்த ஆடி மாதக் காற்றில் பாட்டுப் புத்தகத்தில் இரண்டாம் பகுதி இருந்த தாள் கழன்று சன்னல் வழியாகப் பறந்துவிட்டது. வாசலில் நின்ற ஆடு அதைத் தின்று முடித்து, அடுத்தது எப்போது வரும் என்று சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் இருப்புச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், பாட்டுப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பக்கம் இல்லையே மேடம். கழிச்சிருங்க."

நூலகர் ஜெபக்கனிக்கு முகம் வாடிவிட்டது. "சார், இந்த நூலகத்துல ஓயாம ஓடுற புத்தகமே இது ஒண்ணுதான். வேற பிரதியும் கெடைக்காது."

"அப்ப எழுதி ஒட்டுங்க. ஆனா நீங்களா இட்டுக்கட்டக் கூடாது. இருந்தது அப்படியே இருக்கணும். டீ குடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள முடிங்க," என்று அவர் வெளியே போனார்.

கழிவுச் சாக்கு மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஏணிக்கு ஆறு படியும் நடுங்கின.

ஜெபக்கனி ஓடிப்போய், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ரகமத்துன்னிசாவைக் கூட்டி வந்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். பாட்டை அதிகம் பாடியவள் அவள்தான். மேசைக்கு முன்னால் நின்று அவள் சொல்லச் சொல்ல ஜெபக்கனி எழுதினார்.

மூடி வச்சா மூச்சு முட்டும்,
முயலும் உள்ளே அழுகுது!
கூடி வந்து திறந்து பாரு...

அங்கே நின்றுவிட்டாள்.

"அப்புறம்?"

"வருது டீச்சர்... 'ஓடி மடியில் விழுகுது'? இல்ல. 'பறந்து'... அதுவும் இல்ல." கண்ணில் நீர் கட்டிவிட்டது. பாடும்போது தானாக வருகிற சொல், நிறுத்திக் கேட்டால் வரமாட்டேன் என்கிறது. வாசலில் அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஐயா, உங்களிடம் லட்சம் சொல் இருக்கிறதே. ஒன்றை இறக்கிக் கொடுங்கள்," என்று ஏணி மேலே பார்த்துக் கெஞ்சியது. கெஞ்சினது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அகராதி பக்கம் புரளக்கூட இல்லை. "எந்தச் சொல் என்று நீ சொன்னால் அதன் பொருளை நான் சொல்வேன். அவள் மனதில் இருந்த சொல் எனக்கு எப்படித் தெரியும்?"

ஏணிக்குத் தெரியும். அது மூச்சை அடக்கி, தளர்ந்த ஆணியை முழுப் பலத்தோடு அசைத்தது. யாரும் மிதிக்காமலே இரண்டாம் படி சொன்னது:

'கிறீச்.'

ரகமத்துன்னிசா திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி ஓடிப்போய் இரண்டாம் படியில் ஏறித் தரையில் பாய்ந்தாள்.

"குதிச்சு! டீச்சர், 'குதிச்சு மடியில் விழுகுது'!"

அதிகாரி உள்ளே வந்தபோது தாளில் மை காய்ந்துகொண்டிருந்தது. அவர் படித்துப் பார்த்தார். ஒருமுறை வாய்க்குள், இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாக. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பேத்திக்கு என்று அந்த நாலு வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டுப் புத்தகம் அடித்தட்டுக்குத் திரும்பியது. சாயங்காலமே யாரோ குனிந்து அதை எடுத்தார்கள். அதைப் போல் இன்னொரு புத்தகத்தை ஏணி இன்றுவரை பார்க்கவில்லை. தெருவில் யார் குதித்தாலும் ஏணிக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

"சொல்லை எடுத்துக் கொடுத்தேனே," என்று ஏணி மேலே கேட்டது.

"அது சத்தம். சொல் அல்ல," என்றது அகராதி. சாட்சிகள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

அகராதியை இன்றும் மாதம் ஒருமுறை தூசி தட்டக் கீழே இறக்குகிறார்கள். அதற்கு வேறு வழி கிடையாது. ஆறு படியும் ஏணியின் மேல்தான் இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏணி காத்திருக்கும். அகராதி கண்ணை மூடிக்கொண்டு இறங்கும், கண்ணை மூடிக்கொண்டு ஏறும்.

வணக்கம் இன்னும் பாக்கி.