கொடிவேலி கலந்த தைலம்

கடல் இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காற்று ஏதாவது கேட்கும், அலை பதில் சொல்லும், சொன்னதைச் சங்கு தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் வெண்சங்கத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்தில் பெருஞ்சாத்தன் என்றொரு வணிகன் இருந்தான்.

வந்து அமர்ந்திருப்பவர்களே, இது அவனுடைய கதை அல்ல. கதை நடக்கும்போது அவன் கடலில்தான் இருக்கப்போகிறான். இது அவன் வீட்டில் இருந்த இரண்டு பெண்களின் கதை.

மூத்தவள் மங்கலை. இளையவள் வடிவாள். மங்கலைக்குப் பிள்ளை இல்லை. அவளே முன்நின்று கணவனுக்கு வடிவாளை மணம் முடித்து வைத்தாள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கிணற்றில் நீர் இறைத்து வாழ்ந்தார்கள்.

அந்த வீட்டுக்குப் பின்னால் மங்கலை வளர்த்த தோட்டம் ஒன்று இருந்தது. வேலி ஓரமெல்லாம் செம்பருத்தி. கிணற்றடி ஈரத்தில் கரிசலாங்கண்ணி. நடுவில் நெல்லிமரம். அதன் கீழே மருதாணி, ஆவாரை, வெட்டிவேர். பனி விலகாத காலையில் அதற்குள் நடந்தால் பாதம் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. பூக்கள் மட்டும் வெள்ளை மூட்டத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

அந்தத் தோட்டத்திலிருந்து மங்கலை மூன்று பொருள்கள் செய்வாள். குளிக்கப் பொடி செய்வாள். முகத்துக்குச் சாந்து செய்வாள். கூந்தலுக்குத் தைலம் காய்ச்சுவாள். பயற்றம்பருப்பும் ஆவாரம்பூவும் கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்த அவள் பொடியைத் தேய்த்துக் குளித்த பெண்கள் தெருவில் நடந்து போனால், அவர்கள் போன பிறகும் சற்று நேரம் தெரு மணக்கும். உப்புக்காற்றில் காய்ந்து கருத்த செம்படவப் பெண்களின் தோல் அவள் சாந்தில் குளிர்ந்தது. முடி கொட்டியவர்கள் அவள் தைலத்தைத் தேடி வந்தார்கள்.

ஆனால் கேட்ட உடனே அவள் எதையும் கொடுத்துவிட மாட்டாள். "இன்று காய்ச்சுகிறேன், நாளை வா" என்பாள். கன்னிப்பருவத்தில் அவள் அவசரமாக அரைத்துக் கொடுத்த சாந்து ஒன்று தோழியின் நெற்றியைத் தடிக்க வைத்துவிட்டது. அன்று முதல் அவளுக்கு ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் ஒரு துளியை எடுத்துத் தன் இடக்கையில், முழங்கைக்கு உள்பக்கம் மெல்லிய தோல் இருக்கிறதே, அங்கே தடவிக்கொள்வாள். ஓர் இரவு போகட்டும் என்று காத்திருப்பாள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்று கண்ட பிறகே அதை அடுத்தவர் கையில் வைப்பாள்.

இப்படி இருக்கையில் பெருஞ்சாத்தன் கடலேறப் புறப்பட்டான்.

அவன் புறப்படும் ஒவ்வொரு முறையும் மங்கலைதான் அவன் மார்பில் சந்தனம் பூசி வழியனுப்புவாள். இந்த முறையும் அரைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். அவனோ ஏதோ பேச்சின் நடுவே, யோசனை இல்லாமல், கிண்ணத்தை வாங்கி வடிவாளிடம் நீட்டினான். வடிவாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவளும் யோசனை இல்லாமல் பூசிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கப்பல் போய்விட்டது.

ஆனால் மங்கலையின் நெஞ்சில் ஏதோ ஒன்று தைத்துக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது வளர்ந்தது.

வடிவாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மங்கலை குழந்தையைத் தன் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்தாள், மூக்கை நீவினாள், வெந்நீர் ஊற்றினாள். குழந்தையின்மேல் அவளுக்கு அன்பு இருந்தது. தாயின்மேல்தான் அந்த முள்.

பிள்ளை பெற்ற சில மாதங்களில் வடிவாளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் வந்தது. தலையணையில் கிடந்தது. குழந்தையின் விரல்களில் சுற்றிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே புரண்ட கூந்தல் கயிறு போல மெலிந்து, நெற்றி ஓரத்தில் வெறும் தோல் தெரிந்தது. அந்த நேரத்தில் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. பெருஞ்சாத்தனின் கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறதாம்.

வடிவாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மங்கலையிடம் வந்து நின்றாள். ஊருக்கெல்லாம் காய்ச்சிக் கொடுக்கிறீர்களே, எனக்கும் ஒரு தைலம் காய்ச்சிக் கொடுங்கள் என்று கேட்டாள். இந்தத் தலையோடு அவர் முன்னால் எப்படி நிற்பேன் என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது.

மங்கலை சரி என்றாள்.

மறுநாள் விடியலில் கூடையோடு தோட்டத்துக்குள் போனாள். பனி இறங்கியிருந்தது. செம்பருத்தி பறித்தாள். கரிசலாங்கண்ணி பறித்தாள். நெல்லிக்காய் பறித்தாள். பறித்துக்கொண்டே நடந்தவள் தன்னை அறியாமல் தோட்டத்தின் கோடிக்கு வந்துவிட்டாள். அங்கே, யாரும் போகாத மூலையில், கொடிவேலி பூத்திருந்தது. பனிக்குள் பனியாக வெள்ளைப் பூக்கள். பார்க்க மிக அழகு. ஆனால் அதன் வேரை நசுக்கித் தோலில் வைத்தால் நெருப்புப் பட்டது போல வெந்து கொப்பளிக்கும். எப்போதாவது வைத்தியர்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். மற்றவர்கள் தொடுவதில்லை.

அப்போது அவள் மனம் முதல் முறை பேசியது. "தோண்டித்தான் பாரேன். வேர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்கத்தானே."

அவள் தோண்டினாள். வேர் கூடைக்குள் வந்துவிட்டது.

இலைகளையும் பூக்களையும் அரைத்துச் சாறு பிழிந்தாள். நல்லெண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் வைத்தாள். எண்ணெய் முதலில் சலசலத்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு அமைதியானது. அடியில் வண்டல் மணல் போல உதிர்ந்தபோது இறக்கி ஆறவைத்தாள். வீடெங்கும் மணம் பரவிற்று. அந்த மணத்தில் அடுப்படியும் கூடமும் எங்கோ தொலைவில், வேறு யாருடைய வீடோ போலத் தோன்றின.

அப்போது மனம் இரண்டாம் முறை பேசியது. "கொஞ்சம்தான். யாருக்குத் தெரியும்? பிள்ளை பெற்ற உடம்பு, ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம்."

அவள் வேரை நசுக்கினாள். சாறு எண்ணெய்க்குள் இறங்கிக் கலந்தது. நிறம் மாறவில்லை. மணம் மாறவில்லை. துணியில் வடிகட்டி மண் கலயத்தில் ஊற்றினாள்.

கேளுங்கள், இங்கேதான் ஒன்று நடந்தது. அவள் மனம் எங்கோ இருந்தது. கடலில் இருந்ததோ, அந்தச் சந்தனக் கிண்ணத்தில் இருந்ததோ. ஆனால் கை மட்டும் தன் வேலையைச் செய்தது. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் செய்தது போலவே, வலக்கை விரல் கலயத்தில் தோய்ந்து, இடக்கையின் உள்பக்கத்தில் துளியைத் தடவியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கலயத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடிவதற்குச் சற்று முன் எரிச்சல் அவளை எழுப்பியது. முழங்கையின் உள்ளே தணல் வைத்தது போல இருந்தது. வெளிச்சம் வந்ததும் பார்த்தாள். தோல் சிவந்து, நீர் கோத்து, நெல்லிக்காய் அளவுக்குக் கொப்பளித்திருந்தது.

என்ன நடந்தது என்று புரிந்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு துளிக்கு இந்த எரிச்சல். தலை முழுவதும் தடவினால்? அடுத்த நினைவும் வந்தது. வடிவாளின் குழந்தை தாயின் கூந்தலுக்குள் முகம் புதைத்துத்தான் உறங்கும். எண்ணெய் தேய்த்த தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, முடியை வாயில் சப்பிக்கொண்டு. மங்கலையின் கால்மேல் கிடந்து சிரித்த குழந்தை. அந்தக் குழந்தையை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. வடிவாள் தைலம் வாங்க வந்திருந்தாள்.

மூடி வைத்த கலயத்தைப் பார்க்கும் முன் அவள் மங்கலையின் கையைப் பார்த்துவிட்டாள். குழந்தையைத் தரையில் விட்டு ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். தைலத்தைத் தடவிப் பார்க்கும் இடம் அது என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஓடிச் சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து வந்தாள். மஞ்சள் பால் வடியவிட்டு, உள்ளிருந்த சோற்றைக் கழுவி எடுத்து, கொப்பளத்தைச் சுற்றிக் குளிரக் குளிர வைத்தாள். வாயால் ஊதினாள். ஊதிக்கொண்டே அழுதாள்.

"என் தலைக்கு வந்த நெருப்பைக் கையில் வாங்கிக்கொண்டீர்களே அக்கா," என்றாள். "என் தாய்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள். அவர் வரட்டும், முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்வேன்."

அப்போது மனம் மூன்றாம் முறை பேசியது. "பேசாமல் இரு. தைலத்தைக் கொட்டிவிடு. யாருக்கும் கேடு வரவில்லையே. அவள் நினைப்பது போலவே நினைத்துக்கொள்ளட்டும்."

அது மிக இனிமையாகப் பேசியது. முன் இரண்டு முறையும் பேசியதைவிட இனிமையாக. கற்றாழையின் குளிர்ச்சி கையில் இறங்க, இளையவளின் கண்ணீர் மணிக்கட்டில் சொட்ட, மங்கலை சற்று நேரம் கண்ணை மூடி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"வடிவு, கையை விடு," என்றாள். "இது தவறி விழுந்ததல்ல. கொடிவேலி வேர். சுடும் என்று தெரிந்தேதான் கலந்தேன். உனக்காகத்தான் கலந்தேன். என் கையில் பட்டது பழக்கத்தால் பட்டது, அன்பால் அல்ல."

வடிவாளின் கை அப்படியே நின்றது. அவள் மெல்ல எழுந்தாள். தரையில் தவழ்ந்து கலயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மங்கலை கலயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனாள். மணலில் ஆழமாகக் குழி தோண்டி, எண்ணெயை ஊற்றி, கலயத்தையும் உடைத்துப் போட்டு மூடினாள். திரும்பி வந்து கொடிவேலியின் முன்னால் நின்றாள். பிடுங்கி எறியக் கை நீண்டது. பிறகு, செடி என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள். வைத்தியர்களுக்கு அது வேண்டும்.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சே இல்லை. சோறு வெந்தது, நீர் இறைத்தார்கள், விளக்கு ஏற்றினார்கள். தைலம் கேட்டு வந்த பெண்களை மங்கலை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். காரணம் சொல்லவில்லை. கொப்பளம் உடைந்து, காய்ந்து, கருந்தழும்பானது. குழந்தையின் சிரிப்பு மட்டும் சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்பதற்காகவே மங்கலை சில வேளை கூடத்தில் வேலை எதுவும் இல்லாமல் நின்றாள்.

ஒரு காலை, பனிக்குள் அவள் செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வடிவாளின் குரல் கேட்டது.

"செம்பருத்தி எவ்வளவு பறிக்கட்டும்?"

மங்கலை திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் கூடையுமாக வடிவாள் நின்றிருந்தாள்.

என்னை எப்படி நம்பி வந்தாய் என்று மங்கலை கேட்டாள்.

"நம்பி வரவில்லை அக்கா. அதற்கு நாளாகும்," என்றாள் வடிவாள். "ஆனால் நீங்கள் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், வாழ்நாள் முழுக்க உங்களைக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அந்தக் கும்பிடு வேண்டாம் என்று விட்டீர்களே. அதை நினைத்துத்தான் வந்தேன்."

மங்கலை இரண்டு கை நிறையப் பறி என்று சைகை காட்டினாள். அப்புறம் கணவன் சந்தனக் கிண்ணத்தை மாற்றிக் கொடுத்த அந்தச் சிறிய கதையை, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, சொன்னாள். சொல்லிப் பார்த்தால் அது அவ்வளவு சிறியதாக இருந்தது. வடிவாள் கேட்டாள். எனக்குத் தெரியாது அக்கா என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் சேர்ந்து பறித்தார்கள். இருவரும் சேர்ந்து அரைத்தார்கள். இருவரும் அடுப்பருகில் உட்கார்ந்து எண்ணெயின் ஓசை அடங்கும்வரை காத்திருந்தார்கள். ஆறிய பிறகு மங்கலை ஒரு துளியைத் தன் கையில், தழும்புக்குப் பக்கத்தில் தடவினாள். வடிவாளும் ஒரு துளி எடுத்துத் தன் கையில் தடவிக்கொண்டாள். விடிந்து பார்த்தபோது இரண்டு கைகளும் தெளிவாக இருந்தன.

கப்பல் வந்தது. தைலம் ஒரு வாரத்தில் வேலை செய்துவிடும் பொருளா என்ன? வடிவாளின் தலை அப்போதும் மெலிந்துதான் இருந்தது. ஆனால் இறங்கி ஓடி வந்த பெருஞ்சாத்தன் யாருடைய கூந்தலையும் பார்க்கவில்லை. அதுவரை கண்டிராத மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் வந்து போனது. வடிவாளின் நெற்றி ஓரத்தில் பூனைமயிர் போல மெல்லிய முடி துளிர்த்தது. அது ஆண்டுக்கு ஆண்டு அடர்ந்து நீண்டது. அந்தக் கூந்தலுக்குள் முகம் புதைத்துக் குழந்தை உறங்கியது. யாருக்கும் அச்சம் இருக்கவில்லை.

கேட்டவர்களே, இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்: பிறருக்குக் கொடுப்பதை முதலில் தன்மேல் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மைத் தவறிலிருந்து தடுக்கும், தவறியதை மறைக்காமல் சொல்லும் துணிவோ போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரும்.