ஆட்காட்டி பொய் சொன்ன நாள்

பறவையும் மிருகமும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஏழு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. பனைகூடத் தலை சாய்ந்தது. சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியது ஆற்று மணலில் ஆழத் தோண்டிய ஒரே ஓர் ஊற்று.

அதன் பக்கத்தில், சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டையிட்டு அடைகாத்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. அப்போது அதற்கு மெல்லிய குரல்தான். தினமும் ஊரிலிருந்து விருமாயி என்ற பெண் தண்ணீருக்குக் குடத்தோடு வருவாள். குழிக்குள் இறங்கிவிட்டால் மேலே நடப்பது தெரியாது. அதனால் முதலில் கேட்பாள்: "தாயி, எதுவும் பதுங்கியிருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. பயப்படாம இறங்கு."

சிரட்டையால் நீர் மோந்துகொண்டு, பறவைக்கும் ஒரு வாய் ஊற்றிவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலை, விலா எலும்பு தெரிய ஓர் ஓநாய் வந்தது. காட்டில் அதற்கு இரை மிச்சமில்லை. முட்டைகளுக்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது: "அவ கேட்டா இல்லேன்னு சொல்லு. மாத்திச் சொன்னா நாலும் கூழாயிரும்."

காய்ந்த நாணலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

விருமாயி வந்தாள். "தாயி, எதுவும் பதுங்கியிருக்கா?"

பறவை முட்டைகளைப் பார்த்தது. "இல்லக்கா."

அவள் இறங்கினாள். ஒரே ஓர் அலறல். பிறகு மணல் சரியும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

மறுநாள் அக்காளைத் தேடிக்கொண்டு தங்கை ஒச்சாயி வந்தாள். ருசி கண்ட ஓநாய் நாணலுக்குள் இருந்தபடியே ஆட்காட்டியை ஒரு பார்வை பார்த்தது. அன்று காலைதான் முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன.

"அக்கா!" என்று கூப்பிட்டபடி ஒச்சாயி குழியை நெருங்கினாள்.

அதற்குமேல் ஆட்காட்டியால் பொறுக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து, தனக்கே தெரியாத ஒரு குரலில் கத்திக்கொண்டு எழும்பியது. "ஓடு! ஓநாய் இருக்கு! ஓடு!"

ஒச்சாயி கரையேறித் தப்பினாள். துரத்திப் போன ஓநாய் வெறுங்கையோடு திரும்பி வந்தது. நான்கு முட்டைகளையும் ஒவ்வொன்றாக மிதித்தது. பறவை மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியதில் தொண்டை கிழிந்தது.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. ஆட்காட்டி மறுபடி முட்டையிட்டது. பழைய குரல் மட்டும் திரும்பவில்லை.

தண்ணீர்க் கரையில் காலடி கேட்டதுமே, வருவது ஓநாயா ஆடு மேய்க்கிறவரா என்றுகூடப் பாராமல் ஆட்காட்டி தலைக்கு மேல் அலறிக்கொண்டு பறப்பது அன்று முதல்தான்.