வெள்ளிக்கிழமை எத்தனை பேர்?

"இந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித்தர என்னால ஆகாது டீச்சர்."

துரைசிங்கம் இருபது வருஷம் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவர். எண் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, தானே கேட்டு ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர். மூன்றே வாரத்தில், திரும்பிப் போக விண்ணப்பம் எழுதிக்கொண்டு மரகதவல்லி டீச்சர் முன்னால் நின்றார். டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனால் சின்னப் பிள்ளைகளின் கணக்கு என்றால் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

என்ன நடந்தது என்று டீச்சர் விசாரித்தார்.

முத்தரசி என்று ஒரு சிறுமி. 3 + 1 = 4 என்று சிலேட்டில் தப்பில்லாமல் போடுகிறாள். அதையே கதையாகச் சொன்னால் போச்சு. ஒரு வீட்டில் மூன்று பேர், ஒரு பாப்பா பிறந்தது, இப்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். இரண்டு என்றாளாம். திரும்பத் திரும்பக் கேட்டும் இரண்டுதான். கடைசியில் சத்தம் போட்டுவிட்டார். அவள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டீச்சர் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவில்லை.

"அந்த மூணு பேர் யாரு சார்?"

"யாருமில்லை. சும்மா கணக்குக்காகச் சொன்னது."

"அது அவளுக்குத் தெரியாதே."

இவ்வளவு சொல்லிவிட்டு டீச்சர் தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

துரைசிங்கம் வராந்தாவிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் வகுப்புக்குள் போனார். நாற்காலியைத் தாண்டி, முத்தரசி பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

"ரெண்டு பேருன்னு சொன்னியேம்மா. யாரு யாரு?"

அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நானும் அப்பாவும்."

"அம்மா?"

"பாப்பா பொறந்திருக்கு. அம்மாவும் பாப்பாவும் ஆஸ்பத்திரில இருக்காங்க."



"எப்ப வருவாங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ, வெள்ளிக்கிழமை வீட்டுல எத்தனை பேரு?"

முத்தரசி சிலேட்டை மடியில் வைத்து உள்ளங்கையால் துடைத்தாள். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அழுத்தி அழுத்தி எழுதினாள்.

2 + 2 = 4

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"எங்க வீட்டுல ஒம்போது பேரு சார்."

துரைசிங்கம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"யாரு யாரு?"