மதகுக்குத் தலையான விகடன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பொல்லாத கோபம் வந்தது. ராஜாக்களுக்குக் கோபம் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தலைநகரத்துப் பெரிய ஏரி உடைந்து, கீழத்தெரு வீடுகளையும் ஆடுமாடுகளையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் சபையில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

"கரை ஏன் உடைந்தது?" என்று ராஜா கேட்டார்.

ஏரி வேலைகளுக்கெல்லாம் அதிகாரியாக இருந்த மல்லராயர் கைகட்டி எழுந்தார். "தண்ணீரின் வேகம் தாங்காமல் உடைந்தது, அரசே."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த விகடன் சொக்கநம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தண்ணீர் மேல் பழி போடாதீர்கள் ராயரே. மூடிய வாயால் உடைந்த கரை அது. கசிவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, ஒருவர் வாயும் திறக்கவில்லை."

ராஜாவின் கோபம் அப்படியே அவன் பக்கம் திரும்பிற்று. "வாய்க்கொழுப்பா? அப்படியானால் நீயே கட்டு! மழைக்கு முன்னால் கரையும் மதகும் எழும்ப வேண்டும்."

சபையே திகைத்தது. மல்லராயர் மட்டும் திகைக்கவில்லை. வெகுநாளாக விகடன்மேல் அவருக்குப் புகைச்சல். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"அடியேனின் விண்ணப்பம் ஒன்று, அரசே. விளையாட்டுப் புத்திக்காரன் கையில் வேலை போகிறது. ஆகையால், ஏரி வேலையில் பிழை நேர்ந்தால் அதற்குக் காரணமானவன் தலை அன்று பொழுது சாய்வதற்குள் தங்கள் காலடியில் இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. பறை அறைந்து ஊரெல்லாம் சொன்னார்கள்.

அந்தப் பறையைக் கேட்டு அதிகமாக நடுங்கியவன் பேச்சிமுத்து. மதகு கட்டும் கொத்தர்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. மல்லராயர் காலத்திலிருந்து வேலை பார்த்தவன். பேரில்தான் பேச்சு உண்டு, ஆளுக்கு வாயே கிடையாது. ராயரிடம் வேலை செய்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் ஆகிப்போனார்கள். ஒருமுறை ஒரு மண்வெட்டிக்காரன் "சாமி, கரை அடியில் ஈரம் தெரியுது" என்று சொல்லப்போய் முதுகில் சவுக்கடி வாங்கினான். அதற்குப் பிறகு கரையில் நடந்த எல்லோரும் அந்த ஈரத்தைத் தாண்டித்தான் நடந்தார்கள். பார்த்தேன் என்று ஒருவனும் சொல்லவில்லை.

புது அதிகாரி வந்த அன்றைக்கு ஆட்கள் வரிசையாக நின்று சவுக்கு எங்கே என்று பார்த்தார்கள். சொக்கநம்பி வெறுங்கையோடு வந்து ஒரு கருங்கல்லின்மேல் உட்கார்ந்தான்.

"நான் எப்படிப்பட்டவன், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்லும் தெரியாது, சாந்தும் தெரியாது. தெரியாததைக் கேட்பேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பதிலைச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். உங்களுக்குத் தெரியாததை நீங்களும் கேட்க வேண்டும். நல்ல சேதி மெதுவாக நடந்து வரட்டும், எனக்கு அவசரமில்லை. கெட்ட சேதி மட்டும் ஓடி வர வேண்டும். வேலை நன்றாக அமைந்தால் பேர் உங்களுக்கு, கெட்டால் பழி எனக்கு."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொன்று. தப்புச் செய்தவனை நான் வைத்துக்கொள்வேன். தப்பை மறைத்தவனுக்கு அன்றோடு இங்கே வேலை இல்லை. அதில் மட்டும் என்னிடம் விகடம் கிடையாது."

'இது ஏதோ பொறி' என்று பேச்சிமுத்து மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஆனால் நாள் போகப் போக அவனுக்கு ஆச்சரியத்துக்குமேல் ஆச்சரியம். அதிகாரி வெயிலில் கூடவே நின்றான். "இந்தக் கல்லை ஏன் குறுக்கே வைக்கிறாய்?" என்று கேட்டான், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டான். ராஜா பார்க்க வந்தபோது, "கரையை இவ்வளவு அகலம் வைக்கச் சொன்னது நானல்ல மகாராஜா, அதோ அந்த மண்வெட்டிக்காரன்" என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். சவுக்கடி வாங்கிய அதே மண்வெட்டிக்காரன்தான். அவன் அழுதேவிட்டான்.

கரை எழுந்தது. மதகும் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு காலையில் பேச்சிமுத்து மதகின் அடிக்கல்லில் ஒரு வெடிப்பைப் பார்த்தான்.

தலைமயிர் அளவுதான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. மழை வந்துவிடுமே என்ற அவசரத்தில், தண்ணீரில் ஊறி முழுதாக நீறாத சுண்ணாம்பை அடியில் இட்டுவிட்டிருக்கிறான். அது உள்ளே இருந்துகொண்டே பொங்கும், கல்லைத் தள்ளும். ஏரி நிறைகிற அன்றைக்கு மதகு பெயர்ந்துவிடும்.

கை தன்னால் சாந்துச் சட்டிக்குப் போயிற்று. ஒரு பூச்சுப் பூசினால் போதும், யாருக்கும் தெரியாது. சொன்னாலோ தலை போகும். பறை அறைந்தது இன்னும் காதில் கேட்கிறது. கரண்டியில் சாந்தையும் எடுத்துவிட்டான். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. கீழத்தெருவில் இப்போதுதான் புதுக் கூரைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒருத்தி யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

கரண்டியை எறிந்துவிட்டு ஓடினான்.

சொக்கநம்பியின் முன்னால் போய் விழுந்து, "எசமான், நான்தான்... மதகு அடியில்... சுண்ணாம்பு சரியா நீறல..." என்று குழறினான்.

விகடன் முகம் வெளிறிவிட்டது. பிறகு மெல்லக் கேட்டான்: "பிரித்துக் கட்ட முடியுமா?"

"முடியும், எசமான்."

"மழைக்கு முன்னால்?"

"இன்னைக்கே பிரிச்சா முடியும்."

"அப்படியானால் ஏன் இன்னும் தரையில் கிடக்கிறாய்? எழுந்து பிரி."

அடி விழும் என்று முதுகை வளைத்திருந்த பேச்சிமுத்துவுக்கு நிமிரவே தெரியவில்லை. சொக்கநம்பிதான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

மதகைப் பிரிக்கிற சத்தம் மல்லராயர் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நேரே அரண்மனைக்குப் போனார். "கட்டிய மதகை இடிக்கிறார்கள், அரசே! பிழை நேர்ந்துவிட்டது. ஆணை நினைவிருக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் சபைக்கு இழுத்து வந்தார்கள். கொலைவாளோடு ஒருவன் தயாராக நின்றான்.

"பிழை நடந்தது உண்மையா?" என்றார் ராஜா.

"உண்மை, மகாராஜா" என்றான் சொக்கநம்பி.

"காரணமானவன் தலை எங்கே?"

"இதோ கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லி, விடுவிடுவென்று படியேறிப் போய்ச் சாஷ்டாங்கமாக விழுந்து, ராஜாவின் வலது பாதத்தருகே தன் தலையை வைத்தான். "தங்கள் ஆணைப்படி தலை காலடிக்கு வந்துவிட்டது. தனியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, அதனால் வழித்துணைக்கு உடம்பையும் அழைத்துவந்தேன்."

தன் வாயிலிருந்தே குரல் வருவதைக் கேட்டுப் பேச்சிமுத்து திடுக்கிட்டான்.

"ராசா, தப்புப் பண்ணினது நானு! அவரு இல்ல!"

கிடந்தபடியே சொக்கநம்பி சொன்னான்: "பிழை செய்தது இவன் கை, மகாராஜா. தாங்கள் கேட்டது கையை அல்லவே, தலையை. இந்த வேலைக்குத் தலை நான்தான்."

மல்லராயர் பொறுக்கமாட்டாமல் குதித்தார். "அரசே! ஆணையின் பொருள், வெட்டிய தலை என்பதுதான்!"

"வெட்டிய என்ற சொல்லைப் பறை அறைந்தவன் சொல்லவில்லையே! ஆணைக்கு வாசகம் எடுத்துக்கொடுத்தவர் தாங்கள்தானே, ராயரே? ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள். அதுவும் ஏரி வேலையில் நேர்ந்த பிழைதான். மகாராஜாவின் இடது காலடி காலியாக இருக்கிறது, வாருங்கள்."

மல்லராயர் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டார். ராஜாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"பிழையைக் கண்டுபிடித்தது யார்?"

"நான்தான், ராசா."

"பூசி மறைத்திருக்கலாமே! தலை போகும் என்று தெரிந்தும் ஏன் சொன்னாய்?"

பேச்சிமுத்து விழித்தான். "கெட்ட சேதின்னா ஓடி வரணும்னு எசமான் சொன்னாரு. ஓடினேன்."

ராஜா மெதுவாக மல்லராயர் பக்கம் திரும்பினார். "ராயரே, உம்மிடம் யாராவது அப்படி ஓடி வந்ததுண்டா?"

"ஒருவரும் இல்லை, அரசே" என்றார் ராயர் பெருமையாக. "என் அதிகாரத்தில் ஒரு பிழைகூட நடந்ததாகச் சேதியே வந்ததில்லை."

"பிறகு கரை எப்படி உடைந்தது?"

மல்லராயர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. தன் சொல்லே தன்னைச் சுட்டுவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ராஜாவால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொலைவாள்காரனும் வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எழுந்திரு, சொக்கநம்பி. இனி ஏரி வேலையில் பிழையைச் சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது. மதகு முடிந்ததும் உன் ஆட்கள் எல்லோருக்கும் விருந்தும் புத்தாடையும். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"மல்லராயரை என் ஆட்களோடு சேர்த்துவிட வேண்டும், மகாராஜா."

பேச்சிமுத்துவுக்கு மயக்கமே வந்தது.

"விளையாடுகிறாயா? உன் தலைக்கு வலை விரித்தவர் இவர்!" என்றார் ராஜா.

"மலையில் கல்லைப் பார்த்தே உள்ளே விரிசல் ஓடுகிறதா என்று சொல்லக்கூடியவர் இந்த நாட்டில் இவர் ஒருவர்தான். எனக்கு அந்தக் கண் வேண்டும். என்ன, இத்தனை வருஷமாகப் பிழையே செய்யாமல் இருந்துவிட்டார். பரவாயில்லை, எங்களோடு இருந்தால் பழகிக்கொள்வார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார்.

மழைக்கு முன்னால் மதகு எழுந்துவிட்டது. வேலை நடக்கும்போது ஒருநாள் ராஜா யானைமேல் வந்தார். முழங்கால் சேற்றில் நின்ற மல்லராயர், "பேச்சிமுத்து, இந்தக் கல் சரியாக இருக்குமா, நீயே ஒருமுறை பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. யானை திரும்பி அரண்மனை வாசலுக்குப் போகிறவரைக்கும் ராஜாவுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லையாம்.